ப்ளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு ஃப்ளூஆக்ஸெடின் எழுதியிருக்கிறார்கள். ஆரம்பிக்கலாமா?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறோம். மகன் ப்ளஸ் ஒன், பயாலஜி குரூப். பத்தாவதில் நல்ல மார்க். ஸ்கூல் கபடி டீமில் ரெய்டர். ஆடி மாதம் தொடங்கி ஆளே மாறிப்போய்விட்டான்.

சாயங்காலம் கிரவுண்டுக்குப் போவதைத்தான் முதலில் நிறுத்தினான். கால் வலி என்றான், நம்பினோம். அப்புறம் சாப்பாடு குறைந்தது. ராத்திரி ஒரு மணிக்கு மேலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். காலையில் எழுப்பினால் உடம்பு வராது. அழுவதில்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். தங்கச்சி ரிமோட்டைக் கேட்டாள் என்று அதைச் சுவரில் அடித்து உடைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளிடமே போய், "நான் எதுக்குமே லாயக்கில்ல பாப்பா" என்றானாம். போன வாரம் என்னிடம், "நான் இல்லாட்டி உங்க எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்மா" என்று சொன்னான். அன்றைக்கு அவன் கட்டிலுக்குக் கீழேயே பாயைப் போட்டுப் படுத்தேன்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார். டிப்ரஷன்தான், நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே என்றார். ஃப்ளூஆக்ஸெடின் 10 மில்லிகிராம், காலையில் ஒன்று. அதோடு வாரம் ஒரு தடவை சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும், தன்னிடமும் ஒரே வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவர் போனில் தேடிப் பார்த்தார். இந்த மாத்திரை சின்ன வயதுக்காரர்களுக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டும் என்று அமெரிக்க அரசாங்கமே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறதாம். அதிலிருந்து பட்டை பிரிக்கப்படாமல் பீரோவில் இருக்கிறது. மாமியார் குலதெய்வம் கோயிலுக்குப் போய்வரலாம் என்கிறார். அதில் எனக்கு மறுப்பில்லை, போகிறோம். ஆனால் மாத்திரையே வேண்டாம் என்கிறார்.

குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் இல்லை என்று சொல்லிவிட்டார். கணவரின் தம்பிக்குக் காலேஜ் படிக்கும்போது ஏதோ வந்தது. நாள் கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார், பிசினஸ் என்று கடன் வாங்கிக் குவித்தார், ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். அது பழைய கதை.

மாத்திரையை ஆரம்பிக்கலாமா? கவுன்சிலிங் மட்டும் போதாதா? ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கொங்கு விவசாயி

சகோதரி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இந்த வயதுப் பையனுக்கு மூளைக்குப் போகிற மாத்திரை வேண்டாம். போனை வாங்கி வையுங்கள். விடியற்காலையில் எழுப்பி ஓடவிடுங்கள், வெயில் உடம்பில் படட்டும். பயாலஜி பாரமாக இருந்தால் குரூப்பை மாற்றுங்கள். என் அக்கா மகன் இப்படித்தான் இருந்தான், காலேஜ் மாறியதும் தெளிந்துவிட்டான். மருந்துக் கம்பெனி காசு கொடுத்து எழுதவைக்கும் ஆராய்ச்சியை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்க முடியாது.

பதில்: வேப்பமரத்தடி

வணக்கம்மா. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் மனநலப் பிரிவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, உங்கள் பிள்ளையை நான் பார்க்கவும் இல்லை. முடிவு உங்கள் டாக்டரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது. ஆனால் அந்தக் கறுப்புக் கட்டம் எங்கிருந்து வந்தது, அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது வந்த நாட்களில் எங்கள் ஓபியில் தினமும் இதே கேள்விதான்.

அதற்கு முன்னால் அவசரமான ஒன்று. "நான் இல்லாட்டி" என்று சொன்ன பிள்ளையிடம் நேரடியாகக் கேளுங்கள். "செத்துப்போகணும்னு தோணுதாப்பா?" என்று அந்த வார்த்தையையே போட்டுக் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா என்று எல்லா அம்மாவும் பயப்படுவார்கள். நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்துப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அதனால் மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இறுக்கம் குறைந்த மாதிரியே தெரிந்தது. அவன் ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், அழுது அவனைச் சமாதானப்படுத்தும் நிலைக்குத் தள்ளாதீர்கள். சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவியுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் தனியாக விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி எந்நேரமும் 14416 எடுப்பார்கள். அது டெலி மானஸ், மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவச எண், தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையும், தாத்தாவின் பிரஷர் மாத்திரை உட்பட, பூட்டுக்குள் போகட்டும். வயல் இருந்தால் பூச்சி மருந்து வீட்டிலேயே இருக்கக் கூடாது.

இப்போது கறுப்புக் கட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை 2004 அக்டோபரில் கொண்டுவந்தது. அதற்கு முன் 24 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள், மொத்தம் 4,400 பிள்ளைகளுக்கு மேல். மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 4 பேரிடம் தற்கொலை எண்ணமோ அது தொடர்பான நடத்தையோ புதிதாகவோ கூடுதலாகவோ தெரிந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 2 பேர். அந்த ஆய்வுகளில் ஒரு பிள்ளைகூடத் தற்கொலையால் இறக்கவில்லை. 2007இல் இதே எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டினார்கள். ஆக, உங்கள் வீட்டுக்காரர் படித்தது பொய் இல்லை. இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள அந்த வித்தியாசத்துக்காகத்தான் உங்கள் டாக்டர் ஒரே வாரத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். முதல் சில வாரங்களும், டோஸ் கூட்டும் குறைக்கும் நாட்களும்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய காலம். இங்கிலாந்தின் வழிகாட்டுதலும் முதல் 4 வாரம் வாராவாரம் பிள்ளையைப் பார் என்றுதான் சொல்கிறது.

விவசாயித் தம்பி மருந்துக் கம்பெனியைப் பற்றிச் சொன்ன சந்தேகம் நியாயமானது. பராக்ஸெடின் என்ற மாத்திரை பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று 2001இல் ஒரு கட்டுரை வந்தது. கம்பெனி நடத்திய ஆய்வு அது. வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே மூலத் தகவல்களை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டு 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். போலி மாத்திரையைவிட அது மேல் இல்லை, தீங்கு அதிகம் என்று தெரிந்தது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வரும், சாப்பிட்டது குழந்தைகள் அல்லவா. ஆனால் அது பராக்ஸெடின். உங்கள் மகனுக்கு எழுதியது ஃப்ளூஆக்ஸெடின். 2003 டிசம்பரிலேயே இங்கிலாந்தின் கட்டுப்பாட்டு அமைப்பு 18 வயதுக்குக் கீழே இந்த வகை மாத்திரைகள் வேண்டாம் என்று சொன்னபோது ஃப்ளூஆக்ஸெடினை மட்டும் விலக்கி வைத்தது. 2016இல் லான்செட் இதழில் 34 ஆய்வுகள், 5,260 பிள்ளைகள், 14 மருந்துகளை ஒப்பிட்டார்கள். போலி மாத்திரையைவிட நல்லது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது இந்த ஒன்றைத்தான். உங்கள் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை.

கவுன்சிலிங் மட்டும் போதாதா என்று கேட்டீர்கள். இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது டாட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ச் தலைமையில், 13 இடங்களில், 12 முதல் 17 வயது வரை 439 பிள்ளைகள். காசு கொடுத்தது அரசின் தேசிய மனநல நிறுவனம். கம்பெனி மருந்தை மட்டும் கொடுத்தது. பிள்ளைகளை நாலு பிரிவாகச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். 12 வாரத்தில் நன்றாகத் தேறியவர்கள்: மாத்திரையும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதம், மாத்திரை மட்டும் என்றால் ஏறக்குறைய 61, பேச்சு சிகிச்சை மட்டும் 43, போலி மாத்திரை 35. இந்த முதல் முடிவு 2004இல் வந்தது. இதை மட்டும் படித்தவர்கள் பேச்சு சிகிச்சை வீண் என்று முடிவு கட்டினார்கள்.

ஆனால் ஆய்வு அங்கே முடியவில்லை. 36 வாரம் ஆனபோது பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களும் மாத்திரை மட்டும் பெற்றவர்களும் 81 சதவீதத்தில் வந்து சமமாக நின்றார்கள், இரண்டும் பெற்றவர்கள் 86. தற்கொலை தொடர்பான சம்பவங்கள் மாத்திரை மட்டும் பெற்றவர்களிடம் 14.7 சதவீதம், இரண்டும் பெற்றவர்களிடம் 8.4, பேச்சு சிகிச்சை மட்டும் என்றால் 6.3. எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் இதுதான்: மாத்திரை பிள்ளையைச் சீக்கிரம் தூக்கிவிடுகிறது, பேச்சு சிகிச்சை அந்த நேரத்தில் காவலாக நிற்கிறது. உயிர் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டும் வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொன்னது சரியான வழி.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பேச்சு சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்குத் தாங்கள் எதைப் பெறுகிறோம் என்று தெரியும், அதை மறைக்க வழியில்லை. இங்கிலாந்தில் 208 பிள்ளைகளை வைத்து 2007இல் வந்த ஆய்வில், மாத்திரையோடும் வழக்கமான கவனிப்போடும் சிபிடியைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் நோய் முற்றி வந்தவர்கள். அப்புறம், திருச்சியில் சிபிடி தெரிந்த ஆள் கிடைப்பாரா என்று அலைய வேண்டாம். 2017இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் சிபிடி, குறுகிய கால மனப்பகுப்பாய்வு, எளிமையான உளவியல் சமூக ஆலோசனை மூன்றையும் 465 பிள்ளைகளிடம் ஒப்பிட்டார்கள். மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முறையாகப் பயிற்சி பெற்ற, உங்கள் மகனுக்குப் பிடித்துப்போகிற, வாரம் தவறாமல் பார்க்கக் கிடைக்கிற ஒருவர் போதும்.

எரிந்து விழுவது பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்குச் சோகமாக வருவது பிள்ளைகளிடம் சிடுசிடுப்பாக வரலாம். நோய் அறியும் கையேட்டிலேயே அப்படி எழுதியிருக்கிறது. அதனால் போனைப் பிடுங்குவதும் விடியற்காலையில் அதட்டி ஓடவிடுவதும் இப்போது வேண்டாம். உடற்பயிற்சி நல்லதுதான், ஆனால் எழுந்து பல் தேய்க்கவே தெம்பில்லாதவனிடம் அதில் தொடங்க முடியாது.

கடைசியாக, நீங்கள் பழைய கதை என்று எழுதிய அந்தச் சித்தப்பா. அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். தூக்கமே இல்லாமல் பேச்சு, கடன், ஆஸ்பத்திரி என்றால் அது மேனியாவாக, அதாவது மனம் அளவுக்கு மீறி எழும்பிய நிலையாக, இருந்திருக்கலாம். அப்படியென்றால் பைபோலார், அதாவது அந்த எழுச்சியும் டிப்ரஷனும் மாறி மாறி வரும் நோய், குடும்பத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பைபோலார் பலருக்கு முதலில் டிப்ரஷனாகத்தான் தலைகாட்டும், அதுவும் இந்த வயதில்தான். அந்த வாய்ப்புள்ள பிள்ளைக்கு ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மாத்திரை சில சமயம் மனநிலையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கொடுக்கவே கூடாது என்பதில்லை. டாக்டர் தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு. முதல் மாத்திரையைப் பிரிப்பதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்யுங்கள்.

பதில்: செகண்ட் இயர் சிவில்

ஆன்ட்டி, நான் ப்ளஸ் ஒன்னில் இதே மாத்திரையைச் சாப்பிட்டவன். அம்மா இந்தத் திரியின் லிங்க்கை அனுப்பி, நீ எழுது என்றார்.

முதல் வாரம் குமட்டல். சாப்பிட்ட பிறகு போட்டதும் குறைந்தது. தூக்கம் இன்னும் கெட்டது, அதனால்தான் காலையில் போடச் சொல்கிறார்கள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வகுப்பில் பெஞ்சு ஆடுகிறது என்று பக்கத்துப் பையன் திட்டுவான். உள்ளுக்குள் ஏதோ துரத்துகிற மாதிரி இருக்கும். இதை அம்மாவிடம் சொன்னேன், அம்மா டாக்டரிடம் சொன்னார், அவர் அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றினார். உங்கள் பையனுக்கு இப்படி வந்தால் அவனாக வந்து சொல்லமாட்டான். நீங்களே கேளுங்கள்.

மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்தவன் என் தம்பி. "அண்ணன் இன்னிக்கு ரெண்டாவது தடவை சட்னி கேட்டான்" என்று அப்பாவிடம் போய்ச் சொன்னான். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதுவரை ஒன்றுமே தெரியவில்லை, நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சைக்காலஜிஸ்ட் மேடம் ஒரு ரூல்டு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். மணி, என்ன செய்தேன், சந்தோஷம் 10க்கு எவ்வளவு, ஒரு வேலையை முடித்த திருப்தி 10க்கு எவ்வளவு. ஆரம்பத்தில் பக்கம் முழுக்க 0, 1. கிரிக்கெட் மேட்ச் பார்த்ததற்கே 1தான். ஆனால் மாடியில் அம்மாவோடு துணி காயப்போட்ட வரியில் திருப்திக்கு 4 போட்டிருந்தேன். மேடம் அந்த 4ஐச் சுற்றி வட்டம் போட்டார். அடுத்த வாரத்துக்கு அதுதான் ஹோம்வொர்க், தினமும் துணி. அதற்கடுத்து முக்குக்கடை வரை நடந்து போய் பால் வாங்குவது. பிடித்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதே, செய், பிடிப்பது பின்னால் வரும் என்பார். எனக்கு அப்படித்தான் வந்தது. உங்கள் பையனைக் கபடி ஆடச் சொல்லாதீர்கள் ஆன்ட்டி. கிரவுண்ட் ஓரத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும், அதுவே அவனுக்குப் பெரிய வேலை.

வீட்டில் எனக்கு உதவியது அப்பா. எதுவும் கேட்கமாட்டார். டிவிஎஸ் 50இல் பின்னால் உட்காரச் சொல்லி ரைஸ்மில்லுக்குக் கூட்டிப் போவார். போகும்போதும் பேசமாட்டார், வரும்போதும் பேசமாட்டார். ஒருநாள் நானாகப் பேசினேன். இப்போது மாத்திரை இல்லை. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

பதில்: மெடிக்கல்ஸ் அண்ணாச்சி

பார்மசி நடத்துகிறேன், தென்காசிப் பக்கம். கடைக்காரன் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பட்டை உங்கள் கையில் இருக்கட்டும், தினமும் ஒன்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகவும் கொடுக்கக் கூடாது. ஃப்ளூஆக்ஸெடின் உடம்பில் ரொம்ப நாள் தங்கும், ஒருநாள் விட்டால் ஒன்றும் ஆகாது.

சளி இருமல் என்று கடையில் கேட்டு சிரப் வாங்காதீர்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் மருந்து இதோடு சேரக் கூடாது. டிரமடால் வலி மாத்திரையும் சேராது. புரூஃபன் மாதிரி வலி மாத்திரை அடிக்கடி போட்டால் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். கபடிப் பையன் என்பதால் இதைச் சொல்கிறேன். நாட்டு மருந்து ஏதாவது கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கடையில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் டவுனில் வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

பதில்: காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. கணவர் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். மறுநாள் அவரே டாக்டருக்குப் போன் செய்து தம்பி விஷயத்தைச் சொன்னார். மாமியாருக்குப் பெரிய வருத்தம். "அவனுக்குக் கல்யாணம் ஆகணும்னுதானே இத்தனை வருஷம் மூடி வச்சேன்" என்று அழுதார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

டாக்டர் எங்களைத் திரும்ப வரச் சொன்னார். மகனிடம் இதுவரை எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், ரொம்பத் தெம்பாக, வழக்கத்துக்கு மீறிய பேச்சாக இருந்திருக்கிறதா என்று விலாவாரியாகக் கேட்டார். அப்படி எதுவும் இல்லை. அதே 10 மில்லிகிராமில் தொடங்கலாம், அவசரப்பட்டுக் கூட்டப்போவதில்லை, வாராவாரம் பார்க்கிறேன் என்றார்.

வேப்பமரத்தடி மேடம், நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே மகனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். "தோணும்மா, ஆனா எதுவும் பண்ணமாட்டேன்" என்றான். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

சித்தப்பாவுக்கு வந்தது இவனுக்கும் வருமா? வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? எத்தனை காலம் மாத்திரை? ஸ்கூலில் சொல்ல வேண்டுமா?

பதில்: வேப்பமரத்தடி

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் அம்மா, அது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் போன் செய்ததும் பெரிய காரியம். மாமியாரிடம் கோபம் வேண்டாம், அந்தக் காலத்தில் மூடி வைக்காத வீடு எது?

சித்தப்பாவுக்கு வந்ததால் இவனுக்கும் வந்தே தீரும் என்றில்லை. மற்றப் பிள்ளைகளைவிட வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியதில் முதலாவது தூக்கம். டிப்ரஷனில் தூக்கம் வராமல் புரண்டுவிட்டு மறுநாள் வாடிக் கிடப்பான். அதற்கு மாறாக, மூன்று மணிநேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் சுறுசுறுப்பாகச் சுற்றினால் அதுதான் அடையாளம். அதோடு வாயில் வார்த்தை நிற்காத பேச்சு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் திட்டங்கள், காசு செலவு, தன்னால் முடியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. பிள்ளை சிரித்த முகமாக இருக்கிறானே, குணமாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டு அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது எழுந்தான் என்று பென்சிலில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அந்தக் காலண்டரைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை.

வீட்டுப் பேச்சு பற்றிச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் என் வேலையின் பெரும்பகுதி அதில்தான் போனது. லண்டனில் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் 1976இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவர்களின் குடும்பத்தாரைப் பேசவிட்டு, அவர்கள் பேச்சில் எத்தனை குறைசொல்லும் வார்த்தைகள் வருகின்றன என்று எண்ணினார்கள். குறை சொல்லும் வீட்டில் நோய் திரும்பியது அதிகம். அதிலும் டிப்ரஷன் உள்ளவர்களுக்கு ரொம்பக் கொஞ்சம் வார்த்தைகளே போதுமானதாக இருந்தது. "மத்தப் பிள்ளைங்கள்லாம் படிக்கலையா", "உனக்கு என்ன குறை வச்சோம்" என்பதெல்லாம் நாம் அன்பில் சொல்வதுதான். அவனுக்கு அது வேறு மாதிரி போய்ச் சேரும். கலிபோர்னியாவின் டேவிட் மிக்லோவிட்ஸ் இதை வைத்தே குடும்பத்தோடு உட்கார்ந்து செய்யும் சிகிச்சை ஒன்றை உருவாக்கினார். பைபோலார் குடும்பத்தில் இருந்து, ஏற்கெனவே மனநிலைத் தொந்தரவு தெரிய ஆரம்பித்த 127 பிள்ளைகளிடம் அதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். நாலு மாதத்தில் 12 சந்திப்பு. நோயைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்வது, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, வீட்டுச் சிக்கலைச் சேர்ந்து தீர்ப்பது, இவ்வளவுதான் பாடம். அந்தப் பிள்ளைகள் அடுத்த நோய்க்காலம் வராமல் அதிக நாள் நன்றாக இருந்தார்கள். உங்கள் சைக்காலஜிஸ்ட்டிடம் ஓரிரு சந்திப்பு பாட்டியையும் அப்பாவையும் சேர்த்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். பாட்டி வரவேண்டும் என்பது என் ஆசை. அந்த வீட்டில் இந்த நோயை ஒருமுறை பார்த்தவர் அவர்.

காலம் பற்றி. நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்துவிட்டு, பரீட்சை நேரம் இல்லாத சமயமாகப் பார்த்து மெதுவாகக் குறைப்பது வழக்கம். ஆயுசுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. டாட்ஸ் பிள்ளைகளில் 196 பேரைத் தொடர்ந்து ஐந்து வருடம் பார்த்தார்கள். அந்தக் காலத்துக்குள் 96 சதவீதம் பேர் அந்த நோயிலிருந்து மீண்டுவிட்டார்கள். மீண்டவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குப் பிறகு ஒருமுறை திரும்ப வந்தது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள். மருந்து நின்ற பிறகும் மாறுதல் தெரிந்தால் பழைய டாக்டரிடமே சீக்கிரம் போய்விடலாம்.

ஸ்கூலில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2017 மனநலச் சட்டத்தின்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது அவனுடைய உரிமை. கிளாஸ் டீச்சர் ஒருவருக்கு மட்டும், அவனிடம் கேட்டு அவன் சம்மதித்தால், உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடுகிறான், கொஞ்ச நாள் காலையில் தாமதமாக வரலாம் என்று சொல்லுங்கள். நம் நாட்டில் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அந்த டீச்சரின் வகுப்பிலேயே இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள்.

இன்னொன்று. சித்தப்பாவின் பழைய மருந்துச் சீட்டோ டிஸ்சார்ஜ் பேப்பரோ இருந்தால் அடுத்த விசிட்டுக்கு எடுத்துப் போங்கள். அவர் எந்த மருந்தில் நிலைத்தார், பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியமா வேறா என்பது தெரிந்தால், பின்னால் தேவைப்பட்டால் டாக்டருக்குப் பயன்படும். அவரிடமே கேட்டு வாங்குங்கள், தெரியாமல் எடுக்க வேண்டாம்.